இரும்புக் கல்லில் ஒரு சிட்டிகை உப்பு

தொகுனாகா விழுந்தபோது அவர் வாயில் கறி இருந்தது.

ஜப்பானில் கோபே நகரம். சன்னோமியா கடைவீதி. எட்டாவது மாடியில் ஒரு கறிக்கடையின் தனி அறை. பகல் சாப்பாட்டு நேரம்.

கட்டில் அகலத்துக்கு ஒரு இரும்புக் கல். அதன் முன்னால் இரண்டே நாற்காலி. ஒன்றில் உட்கார்ந்து மாட்டுக்கறி தின்றுகொண்டிருந்த கிழவர் தொண்டையைப் பிடித்தார். முகம் வீங்கியது. உதடு நீலமானது. நாற்காலியோடு சாய்ந்தார்.

"மாமா...!"

அலறியவன் ரியோஹே. வீட்டோட மாப்பிள்ளை. கல்யாணத்தன்று சொந்தக் குடும்பப் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு மாமனார் பெயரை மாட்டிக்கொண்டவன்.

கல்லுக்கு அந்தப் பக்கம் சமையல்காரர் முராசே, கையில் திருப்பியோடு விறைத்து நின்றார்.

ஆம்புலன்ஸ் வந்தது. தூக்கிப் போனது. அடுத்து போலீஸ் வந்தது. விழுந்தவர் இந்தக் கட்டடத்துக்கே முதலாளி. ஏழை விழுந்தால் இந்த வேகம் வராது.

இன்ஸ்பெக்டர் இசோகாய் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"ஆள் போயிட்டார். அலர்ஜின்னு டாக்டர் சொல்றார். அவருக்கு என்ன ஆகாது?"

"பக்வீட் சார்," என்றான் ரியோஹே, கண்ணைத் துடைத்தபடி. "கறுப்பு நூடுல்ஸ் பண்ணுவாங்களே, அந்த மாவு. துளி பட்டாலும் மூச்சு அடைச்சிடும். இந்த ஆளுக்கும் தெரியும்."

"என் கடையில அந்த மாவே கிடையாது," என்றார் முராசே.

"பேசாதய்யா. கடையைக் காலி பண்ணுன்னு மாமா சொன்னதும் நீ என்ன சொன்னே? சார்கிட்ட சொல்லு."

முராசே திருப்பியைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு நான் போடற கடைசிக் கறி இதுதான்னு சொன்னேன். சமைக்க மாட்டேங்கற அர்த்தத்துல."

"எந்த அர்த்தமோ... கடைசிக் கறியாத்தானே ஆச்சு?"

கான்ஸ்டபிள் ஹாடா விலங்கை எடுத்தான். "சார், மாட்டிடவா?"

"உன்னைக் கேட்டேனா? ஓரமா நில்லு."

இசோகாய்க்குக் கோபம். காலையிலிருந்தே கோபம். வாய் ஓயாமல் அழுகிறவனைக் கண்டால் இன்னும் கோபம். யாரையும் நம்பாத மனுஷன். வீட்டுக் கடிகாரத்தைக்கூட.

"நீயும் இதே கறியைத்தானே தின்னே?" என்றார் ரியோஹேயிடம்.

"ஒரே துண்டு சார். இவர்தான் கல்லுலயே வெட்டிப் பங்கு வெச்சார். எனக்கு அலர்ஜி இல்ல. அதனால தப்பிச்சேன்."

"எதுல தொட்டுத் தின்னே?"

"சாஸ்ல. எப்பவும் சாஸ்தான்."

"மாமனார்?"

முராசே முந்திக்கொண்டார். "அவர் வெறும் உப்பு சார். அவாஜித் தீவு உப்பு, கடற்பாசி போட்டுக் காய்ச்சினது. சாஸ் தொடறவனைக் கண்டாலே திட்டுவார். இன்னிக்கும் மாப்பிள்ளையைப் பாத்து, 'பால்குடி மறக்காத பய, சாஸை நக்கறான்'னார்."

"அப்ப மொத்தத்தையும் உப்புல தொட்டுத்தான் தின்னாரா?"

"கடைசித் துண்டு வரைக்கும்."

இசோகாய் குனிந்தார். கிழவரின் இடத்தில் ஒரு குட்டித் தட்டு. அதில் பழுப்பு உப்பு, கூர் மழுங்காத கோபுரமாக. முராசே குவித்து வைத்தது வைத்தபடி.

ரியோஹேயின் இடத்திலும் ஒரு தட்டு. உப்பு கலைந்து, குழி விழுந்து, மாட்டுக் கொழுப்பு படிந்து கிடந்தது.

"யோவ் முராசே. கல்லைச் சூடேத்து."

"சார்?"

"ஏத்துய்யா!"

கல் சூடேறியது. கோபுரத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கல்லில் போட்டார் இசோகாய். படபடவென்று பொரிந்தது. அவ்வளவுதான்.

கலைந்த தட்டிலிருந்து ஒரு சிட்டிகை.

புகைந்தது. கருகியது. அறை முழுக்க ஒரு வாசனை... ரயில் நிலையத்து நூடுல்ஸ் கடை வாசனை.

"உப்பு கருகாது. மாவு கருகும்," என்றார் இசோகாய். "ஹாடா, ரெண்டு தட்டையும் மூடி வை. மிச்சம் லேபுக்கு."

ரியோஹே எழுந்தான். "சார்... என் தட்டுல விஷமா? அப்ப என்னைத்தான் கொல்லப் பாத்திருக்கான்!"

"பக்வீட் உனக்கு விஷமாடா? இப்பத்தானே அலர்ஜி இல்லேன்னே?"

இசோகாய் இரண்டு தட்டையும் காட்டினார்.

"நீ சாஸ் பார்ட்டி. உன் உப்பு ஏன் குழி விழுந்திருக்கு? உப்பே தின்ன கிழவனோட உப்பு ஏன் கோபுரமா நிக்குது? அவர் உருண்டதும் தட்டை மாத்திட்டே. அவர் தட்டுல நல்ல உப்பு இருந்தா நாங்க கறியைச் சந்தேகப்படுவோம். இவர் கைக்கு விலங்கு வரும். உன் சொந்த உப்பைத் தொடாம விட்டுட்டியேடா, மடையா."

முராசே மெதுவாகச் சொன்னார். "வெட்டறதுக்கு முன்னால பச்சைக் கறியைப் பலகையில வெச்சுக் காட்டுவேன் சார். பெரியவர் கண்ணு கறி மேல, என் கண்ணு அவர் மேல. அந்த நேரத்துல மாவைக் கலந்திருப்பான்."

ரியோஹேயின் அழுகை நின்றது. கண்ணில் ஈரமே இல்லை.

"ஆமாய்யா, நான்தான்! பத்து வருஷம். எந்தச் சாப்பாட்டு மேசையிலயும் அந்தாளு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'டேய் ஒட்டு'ம்பான். என் பேரைப் புடுங்கிட்டு, அவன் பேரைக் குடுத்துட்டு, அதையும் கூப்பிட மாட்டான். செத்தான்ல? தூக்குல போடுங்க."

விலங்கு கிளிக்கென்றது. இந்த முறை சரியான கையில்.

இசோகாயின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்ஸ்பெக்டரா?" கரகரத்த கிழட்டுக் குரல். "தொகுனாகா பேசறேன். தொண்டை கொஞ்சம் திறந்துடுச்சு."

ரியோஹே வெளுத்துப்போனான். "செத்துட்டார்னீங்களே..."

"பொய் சொன்னேன். மாமனாரைத் தூக்கிட்டுப் போனப்ப நீ கூடப் போகாம இங்கயே நின்னே. செத்துட்டார்னா கொஞ்சம் தைரியமாப் பேசுவேன்னு பாத்தேன்."

"அந்த ஒட்டு இருக்கானா அங்க?" என்றது போன். "இருக்கட்டும். முராசேகிட்ட சொல்லுங்க. கறி இன்னிக்குக் கொஞ்சம் கூட வெந்துடுச்சு. மாசக் கடைசியில கடையைக் காலி பண்ணணும். மறந்துடப் போறான்."

இசோகாய் போனை அணைத்தார்.

முராசே தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றினார். மடித்தார். கல்லின் ஓரத்தில் வைத்தார்.

"சார்... அந்த உப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்குமா?"