ஆறாவது பொட்டு

மேற்பார்வையாளர் ஓர் அறையில் ஐந்து இடத்தில்தான் பொட்டு வைப்பார். கட்டில் கம்பி, அழைப்பு மணியின் பொத்தான், விளக்கு சுவிட்ச், கதவுக் கைப்பிடி, குளியலறைக் குழாய். கண்ணுக்குத் தெரியாத ஒரு பசை அது. விரல் நுனியில் தொட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் வைத்துவிட்டுப் போவார். துடைத்தவர்கள் ஒழுங்காகத் துடைத்தார்களா, சும்மா துணியைக் காட்டிவிட்டு வந்தார்களா என்று பிறகு ஊதா விளக்கை அடித்துப் பார்ப்பார். விட்டுப்போன இடம் நீலமாகப் பளிச்சிட்டுக் காட்டிக்கொடுக்கும். ஆஸ்பத்திரியின் துப்புரவுப் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் பொட்டு சார். அவருக்கும் அது தெரியும், தெரியாதது மாதிரி இருந்துகொள்வார்.

ஒன்பதாம் அறையில் திரையை இழுத்து, மின்விளக்கை அணைத்து, துப்புரவுப் பெண்களில் ஒருத்தியான அவள் அந்த ஊதா விளக்கைப் பிடித்தபோது ஐந்து இடமும் சுத்தமாக இருந்தன. ஆறாவதாக ஒன்று இருந்தது. கட்டிலின் பக்கக் கம்பிக்கு அடிப்புறத்தில், யாரும் கையை விடாத இடத்தில், ஒரு பயறு அளவுக்கு நீலம்.

பொட்டு சார் இன்று விளக்கை அவளிடமே கொடுத்திருந்தார். பன்னிரண்டு வருடத்தில் வேறு யார் கையிலும் அவர் அதைக் கொடுத்ததில்லை. "உன் தங்கச்சி வர்ற ரூம். என்னை விட நீதான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாப்ப" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். இரண்டு மணிக்குத் தங்கையைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து இந்த அறைக்கு மாற்றுகிறார்கள். வயிற்றில் அறுவை. முதல் தடவை தையல் போட்ட இடம் சீழ் பிடித்து, மறுபடி திறந்து, மறுபடி தைத்திருந்தார்கள். இனி ஒரு கிருமி உள்ளே போனால் அந்த உடம்பு தாங்காது என்று பெரிய டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். கிருமியை விரட்டுவதுதானே சார் என் பிழைப்பு என்று அவரிடம் சிரித்துவிட்டு வந்தவள், வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தங்கை எட்டு வயது இளையவள். இவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவளும் போய்விட்டால் தனக்கென்று சொல்லிக்கொள்ள ஒரு ஆள் கிடையாது.

அந்தப் பயறளவு நீலத்தை அழுத்தித் துடைத்து மறுபடி விளக்கை அடித்தாள். போயிருந்தது. ஆனால் ஒரு சாண் தள்ளி, மெத்தையின் விளிம்பில், அப்போது இல்லாத நாலு தடங்கள் இருந்தன. குனிந்து பார்த்தாள். பொட்டுகள் இல்லை. நீளவாக்கில், பக்கம் பக்கமாக, விரல்கள். மூன்று முழுசாக. நடுவிரலுக்கு அடுத்தது மட்டும் பாதியோடு நின்றுவிட்டிருந்தது.

அந்தப் பாதி விரலை அவளுக்குத் தெரியும்.

ஏழாம் அறையில் மூன்று மாதம் கிடந்த பெரியவருடையது. பார்க்க யாரும் வராத மனிதர். யார் உள்ளே போனாலும் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார், பிடித்தால் லேசில் விடமாட்டார். இன்று விடிகாலையில் உயிர் போயிருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கையை இரண்டு பேர் சேர்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்ததை அவள் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு அந்தக் கம்பியைத் துடைத்தவளும் அவள்தான். விரல்கள் இருந்த இடம் மட்டும் பிசுபிசுத்தது. நாலு தடவை துடைத்தும் முழுசாகப் போனதாகத் தோன்றவில்லை.

அங்கேதான் தப்பு நடந்தது. நீலத் துணியை மடித்து மடித்துப் பிடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பக்கத்தால் ஒரு பொருளைத் துடைக்க வேண்டும், துடைத்த பக்கத்தைத் திரும்பத் தொடக் கூடாது, ஓர் அறையின் துணி அடுத்த அறை வாசலைத் தாண்டவே கூடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். இன்றைக்குச் சலவை மூட்டை வந்து சேரவில்லை. தங்கை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்கிற பரபரப்பு. ஏழாம் அறைத் துணியில் மூன்று பக்கம் சுத்தமாக மிச்சம் இருந்தது. அந்த மூன்று பக்கத்தை வைத்துத்தான் ஒன்பதாம் அறைக் கட்டிலைத் துடைத்தாள்.

துணியில் ஒட்டிய பசைதான், வேறொன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துணி இழுத்தால் கோடு விழும், விரல் விழாது என்பதும் தெரிந்தேதான் இருந்தது.

பழைய துணியையும் கையுறையையும் பையில் போட்டு இறுக்கிக் கட்டினாள். மாடி வார்டுக்கு ஓடி, அங்கிருந்தவளிடம் கெஞ்சிப் புதுத் துணியும் கையுறையும் வாங்கி வந்தாள். கட்டில் முழுவதும் சொட்டச் சொட்ட மருந்தை அடித்தாள். பத்து நிமிடம் ஈரமாக இருந்தால்தான் அந்த மருந்து கொல்லும், அதற்கு முன்னால் துடைத்தால் வாசனைதான் மிஞ்சும். அந்தப் பத்து நிமிடமும் மூலையில் நின்றாள். மூக்கை அறுக்கும் குளோரின் நெடியும், ஏசியின் ஒரே சுருதியான முனகலும், கம்பியிலிருந்து ஒவ்வொரு சொட்டாக மருந்து தரையில் விழும் சத்தமும், கதவுக்கு வெளியே யாரோ தள்ளிக்கொண்டு போகிற வண்டியின் எண்ணெய் காணாத சக்கரம் கீச்சிட்டபடி வந்து, நெருங்கி, கடந்து, தேய்ந்து மறைவதுமாக அந்த அறை அவளைச் சுற்றிச் சுருங்கிக்கொண்டே வந்தது. திரையின் ஓரத்தில் மத்தியான வெயில் ஒரு கோடாக நின்றது.

துடைத்தாள். மேலிருந்து கீழே, ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள். விளக்கை அடித்தாள். கட்டில் கறுப்பாகக் கிடந்தது. ஒரு துளி நீலம் இல்லை.

சிரிப்பே வந்துவிட்டது. நெற்றி வியர்வையை முழங்கையால் ஒற்றியபோது அந்தச் சிரிப்பு நின்றது. கையுறை முடிகிற இடத்தில் ஏதோ நீலமாகத் தெரிந்தது. கையுறையை உருவினாள். உள்ளங்கை சுத்தம். விரல்கள் சுத்தம். மணிக்கட்டைச் சுற்றி மூன்று விரல், ஒரு பாதி விரல், அடிப்புறத்தில் கட்டைவிரல்.

பிடித்திருந்தது.

சோப்பு போட்டாள். மருந்தை நேராகவே ஊற்றினாள். தோல் எரிந்தது. தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். நீலம் மங்கவில்லை. வலி இல்லை, அழுத்தம் கூட இல்லை. லேசான ஒரு சூடு மட்டும்.

ஸ்ட்ரெச்சர் சக்கரச் சத்தம் கேட்டது.

வாசலில் போய் நின்று, அறை இன்னும் ஆகவில்லை, வேறு அறைக்கு மாற்றுங்கள் என்று நர்ஸிடம் சொன்னாள். நர்ஸ் மின்விளக்கைப் போட்டார். தரை காய்ந்து மின்னியது. கட்டில் கம்பியில் முகம் பார்க்கலாம் போல இருந்தது.

"இதை விட எப்படிக்கா சுத்தமா இருக்கும்?" என்றார் நர்ஸ். "தங்கச்சின்னதும் உங்களுக்குப் பயம் வந்துடுச்சு. தள்ளுங்க."

செத்தவர் கை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். விரிப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னபோது கை சுளுக்கியிருக்கிறது என்று பொய் சொன்னாள். தங்கையைத் தொடக் கூடாது. எது நடந்தாலும் தொடக் கூடாது. ஆட்கள் தங்கையைக் கட்டிலுக்கு மாற்றினார்கள். வெளுத்துப்போன முகம். உதடு வெடித்திருந்தது. மருந்து மயக்கத்தில் கண் பாதி திறந்தது.

"அக்கா."

"இங்கதான் இருக்கேன். நீ தூங்கு."

தங்கை கையை நீட்டினாள். அது காற்றில் தடுமாறித் தேடியது. கீழே விழப்போனது. ஊசி ஏறியிருந்த கை. அவள் யோசிக்கவில்லை. தாங்கிப் பிடித்துவிட்டாள்.

உடனே இழுத்துக்கொள்ளத்தான் நினைத்தாள். ஒரு விநாடி. இரண்டு விநாடி. தங்கையின் விரல்கள் அவள் விரல்களை எவ்வளவு ஆசையாகப் பிடித்திருந்தன.

எல்லோரும் போனார்கள். வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று தங்கை முனகியதால் நர்ஸ் விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். தங்கையின் மூச்சு சீரானது. அவள் ஊதா விளக்கை எடுத்தாள். முதலில் தன் மணிக்கட்டில் அடித்தாள்.

சுத்தமாக இருந்தது.

ஒரு தடம் இல்லை. அந்தச் சூடும் இல்லை.

விளக்கைத் திருப்பினாள். தங்கையின் கை. உள்ளங்கையில் நீலம். மணிக்கட்டில் நீலம். முழங்கையில். தோளுக்குக் கீழே போர்வை மூடியிருந்தது. போர்வையை விலக்கினாள்.

வயிற்றில் அகலமான வெள்ளைக் கட்டு. நாலு பக்கமும் பிளாஸ்திரி. வலது மூலையில் மூன்றரை விரல். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மூலை தோலை விட்டு எழும்பியது.

அமுக்கினாள். கட்டைவிரலால், பலம் கொண்ட மட்டும். இடது மூலை எழும்பியது. விளக்கைக் கையிலிருந்து விட்டுவிட்டு அதையும் அமுக்கினாள். விளக்கு மெத்தையில் உருண்டு நின்றது. வெளிச்சம் கட்டின் மேலேயே விழுந்தது. சிஸ்டர் என்றாள். சாத்திய கதவைத் தாண்டிக் குரல் போகவில்லை. அழைப்பு மணி கட்டிலின் அந்தப் பக்கம் தொங்கியது. எட்ட வேண்டுமென்றால் ஒரு கையை எடுக்க வேண்டும்.

தங்கை தூங்கினாள்.

நாலு மூலை. அவளுக்கு இரண்டு கை.

மூன்றாவது மூலையில் நீலம் ஒவ்வொரு விரலாக வந்து உட்கார்ந்தது. பிறகு பிளாஸ்திரி உரியத் தொடங்கியது, அவசரமே இல்லாமல், குழந்தைக்கு வலித்துவிடக் கூடாதே என்று உரிப்பவர்கள் உரிப்பதைப் போல.