உதிராத தோல்

ராஜகிரி மலைக்குப் பின்னால் இருந்த முயல் ஆய்வுக்கூடத்துக்கு நூருல்லா அன்றும் மதியச் சோற்றைக் கட்டிக்கொண்டுதான் வந்தார். செஞ்சியில் ஆட்டுத்தோல் வாங்கி விற்றே நரைத்த மனிதர். இப்போது கூண்டு கழுவுகிறார். படித்தவர்கள் எதைச் சொன்னாலும் பாதிதான் நம்புவார்.

அங்கே வெள்ளை முயல்களைக் கதிர்வீச்சு அறையில் வைத்தெடுத்து, கறுப்பு முயலின் தோலை அவற்றின் முதுகில் தைப்பார்கள். கதிர் பட்ட உடம்புக்கு எது தன்னது, எது பிறத்தியாரது என்று தெரியாதாம், தோல் ஒட்டிக்கொள்ளும். முன்பே கருந்தோலை உதறிய வேறொரு முயலின் ரத்தத்திலிருந்து எடுத்த ஊசிமருந்தைப் போட்டால், அதிலுள்ள எதிர்ப்பொருள் அந்நியனைக் காட்டிக்கொடுக்கும். தோல் காய்ந்து விழும். டாக்டர் மோனிகா சொன்னது இது.

விழுந்த தோலை எரிக்கச் சொல்லியிருந்தாள். தோலை எரிக்க நூருல்லாவுக்குக் கை வரவில்லை. உப்பு தடவி, பிஸ்கட் டின்னில் போட்டு, கதிர் அறை மூலையில் ஒளித்துவைத்திருந்தார்.

அதைப் புரட்டிப் போட உள்ளே போனபோது கரண்ட் போனது. ஈயக்கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

இருட்டு. உப்பும் பச்சைத்தோலும் கலந்த வீச்சம். கத்திப் பார்த்தார். அந்தச் சுவர் எதையும் வெளியே விடாது.

டின்னுக்குள் ஏதோ பிறாண்டியது.

மூடி விழுந்தது.

ஈரமாக ஒன்று தரையில் இழைந்து வந்தது. சுவரோடு ஒண்டிக்கொண்டார். கரண்ட் திரும்பியது, தலைக்கு மேல் கதிர் எந்திரம் உறுமியது. பிடரியில் சில்லென்று எதுவோ படிந்தது.

கதவைத் திறந்த மோனிகா அவர் கழுத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். உள்ளங்கையளவு கறுப்பு மயிர்த்தோல். தையல் இல்லை.

"அத எரிச்சீங்களா, பாய்?"

"தோல எவன்மா எரிப்பான்? உப்பு போட்டு வெச்சேன். பிச்சி எடு இத."

இழுத்தாள். வலித்தது அவருக்குத்தான்.

"ஊசி போட்டா உதுந்துடும்னு நீதான சொன்ன. போடு."

"மனுஷங்களுக்குப் போட்டதில்ல பாய்."

"இத்தோட நான் எப்டிமா வூட்டுக்குப் போறது?"

போட்டாள்.

கூண்டுகளுக்கு எதிரே உட்கார்ந்து காத்திருந்தார். முயல்கள் அத்தனையும் தின்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தன.

சாயங்காலம் பிடரி அரித்தது. காய்ந்த தோல் ஒன்று சுருண்டு மடியில் விழுந்தது.

"வுழுந்துடுச்சும்மா," என்று சிரித்தார்.

மோனிகா சிரிக்கவில்லை.

குனிந்து பார்த்தார். மடியில் கிடந்த தோலில் அவருடைய நரைமுடி இருந்தது.

பிடரியைத் தடவினார். கறுப்பு மயிர் கதகதப்பாக, முன்னைவிட அகலமாக இருந்தது.