இன்னும் காயாத தரை

துறைமுக ஊரான கீலுங்கில் மழை பெய்தால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. விட்டால்தான் பேச்சு. அன்றைக்கும் பெய்துகொண்டுதான் இருந்தது. தரை தேய்க்கும் இயந்திரத்தைப் படிப்படியாக மாடிக்கு இழுத்து ஏற்றிய யூலான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதவின் முன்னால் நின்று, தங்கையை மனதாரத் திட்டினாள்.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஹோட்டல் என்று ஊரில் எங்கே தரை அழுக்கேறினாலும் யூலானைத்தான் கூப்பிடுவார்கள். இது மட்டும் தங்கை பெய்வென்னுக்காகச் செய்கிற வேலை. பெய்வென்னின் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். மூன்று வயது மகள் தாங்தாங்கைக் கையில் பிடித்துக்கொண்டு வாடகைக்கு இடம் தேடியவளுக்குக் கிடைத்தது இந்த ஒரு வீடுதான், மீன் உருண்டைக் கடைக்கு மேலே. இருந்த வீட்டை நாளைச் சாயங்காலம் காலி செய்தாக வேண்டும். அதற்குள் இந்தத் தரையில் ஒரு குழந்தை ஓடியாடலாம் என்ற நிலை வரவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் போக்கிடம் இல்லை.

கதவைத் திறந்ததும் மெழுகு வாசனை முகத்தில் அடித்தது. பழைய, இனித்த, மூச்சை அடைக்கிற வாசனை. அதற்கும் அடியில் அணைந்துபோன அடுப்புக் கரியின் வாசனை லேசாக இருந்தது.

"அடப்பாவி!" என்றாள் யூலான், தரையைப் பார்த்து.

அது பூப்போட்ட பழைய ஓட்டுத் தரை. ஆனால் பூவைக் காணோம். மெழுகின் மேல் மெழுகு, அதன் மேல் மெழுகு என்று பழுப்பேறிப் பாகு ஊற்றியது மாதிரி கிடந்தது. இங்கே குடியிருந்து போன மாதம் செத்துப்போன கோ அம்மாள் ஆயுள் முழுக்கப் பூசியிருக்கிறாள். பழசை ஒருமுறைகூடச் சுரண்டி எடுக்கவில்லை. யூலானுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. சுத்தம் என்று நினைத்து அழுக்கைப் பூட்டி வைப்பவர்களை அவளுக்கு அறவே பிடிக்காது.

மெழுகு கரைக்கும் மருந்தை ஊற்றி ஊறவிட்டாள். தரை பால் மாதிரி வெளுத்தது. இயந்திரத்தில் கறுப்புத் தேய்ப்பானை மாட்டி ஓட்டினாள், கூழாக வந்ததை உறிஞ்சி எடுத்தாள், மறுபடி ஊற்றினாள். ஓடுகளுக்கு நடுவே இருந்த கறுத்த கோடுகளை மண்டியிட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தாள். மத்தியானத்துக்கு மேல் சிவப்புப் பூக்களும் பச்சை இலைகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவளுக்கே சந்தோஷமாக இருந்தது.

ஜன்னலோர மூலைக்குக் கடைசியாக வந்தாள்.

அங்கே மெழுகு மற்ற இடத்தைவிடத் தடிமன். ஆனால் நடுவில், பக்கம் பக்கமாக, இரண்டு சின்ன இடங்களில் மெழுகே இல்லை. பூ பளிச்சென்று தெரிந்தது. ஏதாவது அலமாரியின் கால் நின்றிருக்கும் என்று நினைத்தாள். அலமாரிக் கால் சதுரமாக இருக்கும், இல்லை வட்டமாக இருக்கும். இவை நீளவாட்டில் இருந்தன, ஒரு முனையில் கொஞ்சம் அகன்று. அந்த முனையின் ஓரத்தில் ஐந்து சின்ன வளைவுகள்.

கோ அம்மாள் எதையோ சுற்றிச் சுற்றிப் பூசியிருக்கிறாள்.

யூலான் சுரண்டியை வைத்து மிச்ச மெழுகையும் எடுத்தாள். அந்த இரண்டு இடத்திலும் தரைக்கல் ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது.

வீட்டுக்குப் போகுமுன், தரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கப் பிளாஸ்டிக் தாளை மூன்று இடத்தில் டேப் போட்டு ஒட்டினாள். கல்லுக்குள் ஈரம் இருந்தால் காலையில் தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அப்படி இருந்தால் காப்புப் பூச்சு அடிக்கக் கூடாது. அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது.

காலையில் வந்து பார்த்தாள். இரண்டு தாள்கள் உலர்ந்திருந்தன. மூலையில் இருந்தது மட்டும் உள்பக்கம் பனித்திருந்தது. கண்ணாடியில் யாரோ வாய் வைத்து ஊதியது போல, அவள் பார்க்கும்போதே அந்தப் பனி கூடியது, குறைந்தது, கூடியது.

"மழைக்காலம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். இன்று சாயங்காலம் பெய்வென் மூட்டை முடிச்சோடு வந்து நிற்பாள். அவளிடம் போய் மூலை ஈரம், நாலு நாள் பொறு என்று சொல்ல முடியுமா? துணியால் துடைத்தாள். கால்மணியில் காய்ந்துவிடும் பூச்சைத் தெரிந்தேதான் அடித்தாள். மூலையில் ஆரம்பித்துப் பின்பக்கமாகவே நகர்ந்து கதவுக்கு வந்தாள். நிமிர்ந்ததும், எந்த வேலையை முடித்தாலும் சொல்கிற வார்த்தை வாயில் தானாக வந்தது.

"தரை ஈரமா இருக்கு. நான் சொல்ற வரைக்கும் யாரும் மிதிக்காதீங்க."

வெறும் அறை.

"ம்" என்றது ஒரு குரல்.

யூலான் மளமளவென்று படியிறங்கிவிட்டாள். கீழே கடையில் யாரோ 'ம்' கொட்டியது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கடையில் கடைக்காரர் ஹுவாங் மட்டும்தான் இருந்தார். அவர் வாயில் சிகரெட் இருந்தது.

"என்னம்மா, முகம் வெளுத்துப் போச்சு? தரைக்குப் போடற மருந்தை உனக்கும் போட்டுக்கிட்டியா?" என்று சிரித்தபடி ஒரு கிண்ணம் சூப்பை நகர்த்தினார்.

"அண்ணே, அந்த கோ அம்மா எதுக்கு அப்படி மெழுகு போட்டாங்க? பைத்தியமா?"

ஹுவாங்கின் சிரிப்பு போய்விட்டது. கரண்டியைக் கீழே வைத்தார்.

"உங்கிட்ட வீட்டுக்காரன் சொல்லலையா? அவங்களுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. அப்போ நான் சின்னப் பையன், கடை எங்கம்மா பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஒரு நாள் புருஷனோட கப்பல் வருதுன்னு தரைக்கு மெழுகு பூசினாங்க. இந்த மழையில எங்க காயறது? ஜன்னலை எல்லாம் சாத்திட்டு, தரை காயட்டும்னு நடுவுல கரி அடுப்பை மூட்டி வச்சுட்டு, துறைமுகத்துக்குப் போயிட்டாங்க. பொண்ணை மூலையில நிறுத்தி, காயற வரைக்கும் அசையாதே, நான் வந்து கூப்பிடறேன்னாங்க."

"அப்புறம்?"

"கரிப்புகை. கதவைப் பூட்டக்கூட இல்லைம்மா. நாலு எட்டு வச்சா வெளியில வந்திருக்கலாம். ஈரத்தை மிதிக்கக் கூடாதுன்னு சொன்னதால அங்கேயே நின்னிருக்கா. நல்ல புள்ளை."

யூலான் சூப் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"அதுக்கப்புறம் அந்தம்மா தரையைக் காயவே விடலை. காஞ்சா மறுபடி பூசுவாங்க. நான் இங்க உட்கார்ந்திருப்பேன், மேல பேசறது கேட்கும். 'இன்னும் காயலடி கண்ணு, நில்லு.' தினமும் அதான். காஞ்சிடுச்சுன்னு சொன்னா அவ போயிடுவான்னு பயம்னு எங்கம்மா சொல்வாங்க."

"போயிடுவாளா? எங்க?"

"யாருக்குத் தெரியும்? கூப்பிடறவங்ககிட்ட வருவாளோ என்னவோ." சிகரெட்டை அணைத்தார். "அதெல்லாம் விடு. சாயங்காலம்னு சொன்ன உன் தங்கச்சி இப்பவே புள்ளையோட மேல போயிட்டாங்க. பார்க்கலையா நீ?"

கிண்ணம் கவிழ்ந்தது. யூலான் படியில் ஓடினாள்.

கதவு திறந்திருந்தது. பெய்வென் மூட்டையைச் சமையலறையில் இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. "அக்கா, தரை சூப்பர்! காஞ்சிடுச்சு, தொட்டுப் பார்த்துட்டுதான் உள்ள வந்தோம்!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

தாங்தாங் ஜன்னலோர மூலையில் நின்றிருந்தாள். காலில் மஞ்சள் சாக்ஸ். எதிரே வெறும் சுவரைப் பார்த்துக் கையை நீட்டியிருந்தாள்.

"அக்கா, காஞ்சிடுச்சாம். வா, போலாம்" என்றாள்.

நீட்டிய கையின் விரல்கள் மெல்ல மடங்கின. யாரோ பிடித்துக்கொண்டது மாதிரி.

"ஈரம்!" யூலான் அலறினாள். "தரை ஈரம்! அங்கேயே நில்லு! அசையாதே!"

அந்த இன்னொருத்திக்குத்தான் சொன்னாள். ஆனால் தாங்தாங்கும் பெரியம்மா சொன்னால் தட்டாத பிள்ளை. அப்படியே நின்றுவிட்டாள்.

கரி வாசனை அறை முழுக்க ஏறியது.

பிறகு சட்டென்று இல்லை.

யூலான் மூச்சை விட்டாள். "சரி, சரி. ஒண்ணுமில்ல. காஞ்சிடுச்சு. வா கண்ணு, பெரியம்மாகிட்ட வா."

குழந்தை ஒரே ஓட்டமாக ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. அழுத்தமாக, விடவே மாட்டேன் என்பது போல. யூலான் அள்ளித் தூக்கினாள். கையில் பட்ட பாதங்கள் ஐஸாக இருந்தன.

வெறும் பாதங்கள்.

மூலையைப் பார்த்தாள். மஞ்சள் சாக்ஸ் இரண்டும் பக்கம் பக்கமாக, நேராக, அந்த இரண்டு இடத்தின் மேலே இருந்தன.

பெய்வென் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா இவ்வளவு சத்தம்? தாங்தாங், பசிக்குதா?"

குழந்தை அவளை வெகுநேரம் பார்த்தது. வீட்டைப் பார்த்தது. மறுபடி அவளைப் பார்த்தது. பிறகு, புதிதாகக் கற்றுக்கொண்ட வார்த்தையைச் சொல்வது போல, "அம்மா" என்றது. அதன் தலைமுடியில் கரி வாசனை அடித்தது.

ராத்திரி சாப்பிட்டார்கள். தாங்தாங் தொடவே தொடாத கசப்புக் கீரையைக் குழந்தை மிச்சம் வைக்காமல் தின்றது. பெய்வென்னுக்கு ஒரே பூரிப்பு. "இடம் மாறினதும் குணமும் மாறிடுச்சு பாருக்கா. அப்பா எங்கன்னு ஒரு தடவை கூடக் கேக்கல" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரிக்கிறாள்.

தாயும் பிள்ளையும் உள்ளறையில் படுத்துக்கொண்டார்கள். யூலான் இயந்திரத்தின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மூலையில் இருந்த சாக்ஸை எடுக்க மனம் வரவில்லை.

"பெரியம்மா."

கை நின்றுவிட்டது.

"பெரியம்மா, இன்னும் காயலையா? கால் வலிக்குது."

அது மூலையிலிருந்து வந்தது. தாங்தாங்கின் குரல். 'ர'வை 'ல' என்று மழுங்கச் சொல்லும் அதே குரல், "பெலியம்மா" என்று.

யூலான் உள்ளறையை எட்டிப் பார்த்தாள். பெய்வென்னின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தை படுத்திருந்தது. தூங்கவில்லை. இருட்டில் கண்ணைத் திறந்து யூலானையே பார்த்துக்கொண்டிருந்தது. மெல்லத் தலையை ஆட்டியது, சொல்லாதே என்பது போல.

காய்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளை வந்துவிடுவாள். ஆனால் எங்கே வருவாள்? வந்து சேர வேண்டிய உடம்பில், கூப்பிட்டதும் முந்திக்கொண்டு ஓடிவந்த வேறொருத்தி படுத்திருக்கிறாள். நிற்கும் இடமும் போய், சேரும் இடமும் இல்லாமல் அந்தச் சின்ன உயிர் எங்கே போகும்? கோ அம்மாள் ஏன் ஆயுள் முழுக்கத் தரையைக் காயவிடவில்லை என்று யூலானுக்கு அப்போதுதான் புரிந்தது. அவளைப் பைத்தியமா என்று கேட்டது நினைவுக்கு வந்தது.

"இன்னும் காயலடி கண்ணு" என்றாள். "கொஞ்சம் நில்லு. பெரியம்மா வழி பண்றேன்."

"ம்" என்றாள் தாங்தாங்.

வழி இன்னும் கிடைக்கவில்லை. கோயில் பூசாரி வந்து, மூலை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினார். யூலான் தங்கை வீட்டிலேயே தங்கிவிட்டாள். தினமும் மெழுகு பூசுகிறாள். சுவரோரம் ஆரம்பித்துப் பின்பக்கமாகவே கதவு வரை.

"எதுக்குக்கா இது? நீதானே மெழுகே ஆகாதுன்னு சுரண்டி எடுத்தே? ஊர்ல எல்லாருக்கும் ஒரு பேச்சு, எனக்கு ஒரு பேச்சா?" என்று பெய்வென் கேலி செய்கிறாள். அவள் மடியில் உட்கார்ந்து குழந்தையும் சிரிக்கிறது.

மூலைக்கு வந்ததும் யூலான் துடைப்பானை வைத்துவிட்டு மண்டியிடுகிறாள். சின்னத் துணியில் மெழுகைத் தொட்டு, அந்த இரண்டு சின்ன இடத்தின் மேல் படாமல், விரல் விரலாகச் சுற்றிப் பூசுகிறாள். முன்பு ஐஸாக இருந்த இடம் அது.

இப்போது அந்தக் கல் வெதுவெதுப்பாக இருக்கிறது.