பன்னிரண்டு வரிசை வெள்ளை ஒயின்

ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மலைச்சரிவில் திராட்சை பழுக்கத் தொடங்கிய வாரம், திராட்சைத் தோட்டக்காரி ரொஸ்விதா ஒரு கடிதத்தோடு லாஸ்னிக்கின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி. மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் பேச்சுக்குரல் கேட்பது கொழுந்தியாள் டிராவ்டல் வரும் நாட்களில்தான். அன்று அவள் சமையலறையில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க கொடி இலையில ரசாயன மருந்து இருக்காம், ஐயா. பத்து நாள்ல மறுபடி சோதனை. அதுக்குள்ள காரணம் தெரியலைன்னா இயற்கை வேளாண் சான்றிதழ் போயிடும். பதினோரு வருஷ உழைப்பு," என்றாள் ரொஸ்விதா.

"மேல் தோட்டத்து ப்ரோனெக்தான்!" டிராவ்டல் கத்தியை வைத்தாள். "அவன் அடிக்கிற மருந்தைக் காத்து கொண்டாந்து போடுது. போய்ப் பிடிங்க, அத்தான்!"

"முதல்ல செருப்பை மாத்து. சரிவு வழுக்கும்."

ப்ரோனெக்கின் வேலியிலிருந்து வண்டிப்பாதை வரை பன்னிரண்டு வரிசைக் கொடிகள் இறங்கின. பாதையோரம், வரிசைக்கு ஒன்றாக ரோஜாச்செடி. போன குளிர்காலத்தில் இறந்துபோன ரொஸ்விதாவின் தாய் மதில்டா நட்டவை. ரொஸ்விதாவின் தந்தை எங்கெல்பர்ட் அங்கே களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன டிராவ்டல், கைவிலங்கோட வந்தியா?" வேலிக்கு அப்பாலிருந்து ப்ரோனெக் கேட்டார்.

"உன் மணிக்கட்டுக்கு அது பத்தாது. கயிறுதான்!"

"சோதனை அதிகாரி எங்கெங்கே இலை பறிச்சார்?" என்றார் லாஸ்னிக்.

"மேல் முனையில மூணு, பாதையோரம் மூணு. பாதையோரத்துலதான் மருந்து இருந்துச்சாம்," என்றாள் ரொஸ்விதா.

லாஸ்னிக் பாதையோரம் குனிந்து பார்த்தார். ரோஜாவை ஒட்டிய முதல் கொடியின் இலைகள் பளிச்சென்றிருந்தன. மூன்றாவது கொடியில் சாம்பல் நோயின் வெள்ளைப் படிவு. ரோஜாவில் ஒரு புள்ளிகூட இல்லை. வரிசை வரிசையாக அதையே பார்த்துவிட்டு, ப்ரோனெக் உட்பட எல்லாரையும் முற்றத்து மேசைக்கு அழைத்தார்.

"காத்துல வந்திருந்தா வேலியோரம்தான் முதல்ல படிஞ்சிருக்கும். அங்கே சுத்தம். சாம்பல் நோய் எப்பவும் ரோஜாவுக்குத்தான் முதல்ல வரும். அதைப் பார்த்துத்தான் நாம கொடிக்குக் கந்தகம் தூவுவோம். இந்த வருஷம் கொடிக்கு வந்திருக்கு, ரோஜாவுக்கு வரலை. யாரும் கொடிக்கு மருந்தடிக்கலை. ரோஜாவுக்கு அடிச்சது பக்கத்துக் கொடியில தெறிச்சிருக்கு."

டிராவ்டல் வாயைத் திறந்தாள். லாஸ்னிக் மெல்லக் கையமர்த்தினார்.

"எங்க வீட்டு ஜன்னல்ல உங்க அக்கா வச்ச செடி ஒண்ணு இருக்கு, டிராவ்டல். ஒரு இலை பழுத்தாலும் எனக்குச் சோறு இறங்காது."

எங்கெல்பர்ட் தொப்பியைக் கழற்றினார். "மே மாசம் ஒரு இலை வெளுத்துச்சு. உங்கம்மா நோயில படுத்த நாள் மாதிரியே இருந்துச்சு. கடையில பூச்செடி மருந்துன்னு கேட்டு வாங்கினேன். பூவுக்குத்தானேன்னு நினைச்சேன், ரொஸி."

ரொஸ்விதா தந்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு மன்னிப்பு வரணுமே," என்றார் ப்ரோனெக்.

டிராவ்டல் அவர் ஒயின் கோப்பையை விளிம்புவரை நிரப்பினாள். "இதைக் குடி. அதுதான்."

மறுசோதனைக்கு வந்த அதிகாரியிடம் எங்கெல்பர்ட்டே அந்தப் பூச்செடி மருந்துச் சீசாவை நீட்டினார். வரிசைக்கு முதலிரண்டு கொடிகளை ஒதுக்கி, மற்றவற்றைத் தனியே சோதித்தார்கள். அவை சுத்தம். சான்றிதழ் நிலைத்தது.

அன்று மாலை எங்கெல்பர்ட் வெட்டுக்கத்தரியோடு ரோஜாக்களிடம் போனார். ரொஸ்விதா ஓடிப்போய் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வெட்டாதீங்கப்பா. நோய் வந்தா வரட்டும். வந்ததும் எனக்குச் சொல்லுங்க, போதும்."