கீறாத விதை

1993 நவம்பர் 11, காலை 8.10. திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே, சோயா ஆராய்ச்சி அலுவலகத்தின் விதை அறை.

தகரப் பேணிக்குள் எட்டிப் பார்த்த சப் இன்ஸ்பெக்டர் ஸைனுலாப்தீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊதிப் பிளந்த கறுப்பு மணிகள் சளிபோலக் கிடந்தன. குமட்டும் நாற்றம்.

“காட்டுச் சோயா. முழுக்க அழுகிப் போச்சு,” என்றார் பொறுப்பாளர் ஆனந்தராசா. வேறு இலாகாவிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம், குடியிருப்பு மேல்மாடியில். “மூண்டு நாள் ஊரடங்கு, ஒரே மழை. களஞ்சியம் பாக்கிற றம்லா யன்னலைப் பூட்டேல்லை. கவனமில்லாதவ. வேலையால நிப்பாட்டக் கடிதம் எழுதிட்டன்.”

“பூட்டிட்டுத்தான் போனன் சேர்,” என்றாள் றம்லா. “இந்த வேலை போனா என்ட வீட்டில உலை வைக்க ஏலாது.”

“சாவி எத்தினை?”

“ரெண்டு. என்னட்ட ஒண்டு, சேரிட்ட ஒண்டு.”

“இந்தக் காட்டு விதைக்கு ஏன் இவ்வளவு மரியாதை?”

“வயல் சோயா எல்லாம் கிட்டின சொந்தம் சேர். ஒரு நோய் வந்தா ஒண்டும் மிஞ்சாது. காட்டுச் சோயாவோட கலந்தாத்தான் தாங்கிற குணம் வரும். சண்டைக்குள்ள இனி இந்த விதை எங்க எடுக்கிற?”

அவளுடைய மேசையில் ஒரு சவர பிளேடு. பக்கத்தில் பீங்கான் தட்டில் சில கறுப்பு மணிகள்.

“இது?”

“ஊரடங்குக்கு முதல் பேணியில எடுத்தது. தோலைக் கீறினாத்தான் முளைக்கும். பேணியில கிடந்தது மாதிரி இதுகளும் கீறாதது. இங்க எல்லாருக்கும் கீறுறதுதான் வேலை.”

“நீங்களும் கீறுறனீங்களோ?”

ஆனந்தராசா சிரித்தார். “நான் கந்தோர் ஆள். அது கூலியாக்களின்ர வேலை.”

8.40. ஸைனுலாப்தீன் இரண்டு கிளாஸ்களில் தண்ணீர் கேட்டார்.

பிற்பகல் 3.40. ஸைனுலாப்தீன் கிளாஸ்களை ஆனந்தராசாவின் முன்னால் வைத்தார்.

“இந்தக் கிளாஸில காலமை கடையில வாங்குவிச்ச கறுப்பு உழுந்து. ஊதிப்போச்சு. மற்றதில றம்லாவின்ர மணி. போட்டபடி கல்லாக் கிடக்கு. கீறாத தோலுக்குள்ள தண்ணி போகாது. போகாட்டி மூண்டு நாளில ஊதவும் மாட்டுது, அழுகவும் மாட்டுது. பேணியில நாறுறது உழுந்து. கீறிப் பழகின ஒருத்தரும் மழையில அழுகிச்செண்டு பொய் சோடிக்க மாட்டினம். தொட்டே பாக்காத ஆள் நீங்கள்தான், ஆனந்தராசா.”

மேல்மாடியில் ஆனந்தராசாவின் பயணப் பையில், பவுடர் பேணிக்குள் விதை இருந்தது. கூடவே, அதைக் கொண்டுவந்தால் உத்தியோகம் தருவதாக ஒரு தனியார் விதைக் கம்பனியின் கடிதம்.

“களவு ஒரு பக்கம்,” என்றார் ஸைனுலாப்தீன். “பழியை இவவின்ர தலையில கட்டினீங்களே. உங்களோட ஒரே ஜீப்பில இருக்கவே அருவருப்பா இருக்கு.”

ஆனந்தராசா றம்லாவிடம் திரும்பினார். “தங்கச்சி, நீங்கள் ஒரு சொல் சொன்னால் இதை இதோட விடலாம்.”

றம்லா தன் பெயர் எழுதியிருந்த வேலைநீக்கக் கடிதத்தை நாலாகக் கிழித்தாள்.

“காலையில நான் கவனமில்லாதவ. இப்ப தங்கச்சியா சேர்?”