அம்மாவுக்கு முன்னால் வந்த வாசனை

முக்கிய அறிவிப்பு. கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து கேட்கவும். மூன்றாம் மாடி, பதினோராம் எண் வீட்டின் சரித்திரத்தில் முதன்முறையாக, இன்று மாலை, அப்பா சமைக்கப் போகிறார்.

இந்த அறிவிப்பை வெளியிட்டவரும் அப்பாதான். கூடத்தின் நடுவில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிரே நூறு பேர் உட்கார்ந்திருப்பதுபோல வெளியிட்டார். உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் அண்ணன், அவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தி சுண்டு.

சுண்டுவுக்கு வயது பத்து. வீட்டில் எல்லாரையும்விடச் சின்னவள் என்பதால் அந்தப் பெயர். அன்று காலையிலிருந்தே அவள் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் அம்மா. அம்மா பேருந்து நடத்துநர். ஆறு வருடமாக டிக்கெட் கிழித்தவளுக்கு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார வேண்டும் என்று ஆசை. அதற்கு ஒரு தேர்வு உண்டு. பெரிய பேருந்தை இரண்டு வரிசைக் கம்பங்களுக்கு நடுவில் பின்பக்கமாகவே ஓட்டிப்போய், ஒன்றையும் தொடாமல் நிறுத்த வேண்டும். முதல் தடவை அம்மா ஒரு கம்பத்தைச் சாய்த்தாள். இரண்டாம் தடவை வேறொரு கம்பத்தைச் சாய்த்தாள். இன்று மூன்றாம் தடவை. மூன்றோடு சரி. அதற்கு மேல் கேட்கக்கூட முடியாது.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. யாருக்காவது மனசு உடைந்துபோனால், அம்மா 'அடுக்கு' செய்வாள். கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் வதக்கிய மாட்டுக் கொத்துக்கறி. அதன் மேல் வட்ட வட்டமாக நறுக்கிய உருளைக்கிழங்கு. மறுபடி கறி, மறுபடி கிழங்கு. உச்சியில் சீஸ். அப்படியே ஓவனில் ஒரு மணி நேரம்.

அண்ணனைக் கால்பந்து அணியிலிருந்து தூக்கிய அன்று அடுக்கு. அப்பாவுக்கு வரவேண்டிய பதவி, அவரைவிடப் பத்து வயது சின்னவருக்குப் போன அன்று அடுக்கு. சுண்டுவின் உயிர்த்தோழி வேறு ஊருக்குப் போனபோது இரண்டு நாள் அடுக்கு. பிறந்தநாளுக்குக் கேட்டால் மட்டும் கிடைக்காது.

"அது அழறவங்களுக்கு. சிரிக்கிறவங்களுக்கு கேக் இருக்கு" என்பாள் அம்மா.

இரண்டு தடவை தோற்று வந்தபோதும், அம்மா சீருடையைக்கூட மாற்றவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய்க் கிழங்கு சீவினாள். தனக்குத் தானே அடுக்கு செய்துகொண்டாள். கதவருகில் நின்று அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள் சுண்டு.

அதனால்தான் இன்று மத்தியானம் அவள் கேட்டாள். "அப்பா, இந்தத் தடவை அம்மா வர்றதுக்குள்ள நாமளே செஞ்சு வச்சிடலாமா?"

அப்பா அரை நிமிடம் யோசித்தார்.

"எனக்கு ஒரு யோசனை தோணுது" என்று ஆரம்பித்து, அவள் சொன்னதையே திரும்பச் சொன்னார்.

அப்பா அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அவர் பார்த்து முத்திரை குத்தாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது. எனவே முதலில் ஒரு தாள் தயாரானது. அதில் பன்னிரண்டு படிகள். அது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டது.

"நான் திட்டத் தலைவர். பெரியவன் துணைத் தலைவர்" என்றார் அப்பா.

"நான்?" என்றாள் சுண்டு.

"நீ பொது."

"பொதுன்னா?"

"எல்லா வேலையும்."

துணைத் தலைவர் வெங்காயம் உரிக்க நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தான். திட்டத் தலைவரோ, "கண்ணாடியெல்லாம் கோழைங்களுக்குடா" என்று கத்தியை எடுத்தார். இரண்டாவது வெங்காயத்தில் மூக்கை உறிஞ்சினார். மூன்றாவது வெங்காயத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை.

"அப்பா, அழறீங்களா?"

"மேற்பார்வை பாக்கறேன்."

"கண்ண மூடிக்கிட்டா?" என்றான் அண்ணன்.

கறியை வதக்கும் வேலை பொதுவுக்கு வந்தது. சுண்டு முக்காலியில் ஏறி நின்று மரக்கரண்டியால் கட்டிகளை உடைத்தாள். அப்பா தாளைப் பார்த்து, "படி நாலு. மிளகுத்தூள். எத்தனை கிராம்?" என்றார்.

"அம்மா கொஞ்சம் போடுவா."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான்பா. கறி வேகற சத்தம் மாறும் பாருங்க. சளசளன்னு இருக்கறது சடசடன்னு வரும். அப்போ போடணும்."

"சத்தத்தக் கேட்டு எவனாவது சமைப்பானா?" என்று அப்பா கேட்டார். ஆனாலும் மூன்று பேரும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

கடிகாரம் நாலரையைக் காட்டியது. சுண்டுவுக்குக் கறியின் சத்தத்தோடு வேறொரு சத்தமும் கேட்டது. ஒரு பேருந்து மெதுவாகப் பின்னால் போகும் சத்தம். அதன் முடிவில் ஒரு கம்பம் சாயும் 'டொக்'. கரண்டியால் கறியை இன்னும் வேகமாகக் கிளறினாள்.

சரியாக ஐந்து மணிக்குப் பாத்திரம் ஓவனுக்குள் போனது. அப்பா கதவை மூடி, கையைத் தட்டிக்கொண்டு, பாலம் கட்டி முடித்தவர்போல ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஆறு மணிக்கு அம்மா. ஆறு மணிக்கு அடுக்கு. திட்டம்னா இப்படி இருக்கணும்."

கால் மணி நேரத்தில் வாசனை எழுந்தது. சீஸ் உருகும் வாசனை, மிளகோடு சேர்ந்த கறியின் வாசனை. அது சமையலறையில் நிற்கவில்லை. கூடத்துக்கு வந்தது, கதவு இடுக்கில் நுழைந்தது, படியிறங்கிப் போனது.

ஐந்து நிமிடத்தில் வாசல் மணி அடித்தது.

சுண்டு ஓடிப்போய்த் திறந்தாள். கீழ்வீட்டுத் தையல்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்க, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"வாசனை கீழ வரைக்கும் வந்துடுச்சும்மா. ச்சே, மறுபடியும் போச்சா? அம்மா உள்ள இருக்காங்களா? ரொம்ப அழறாங்களா?"

"அம்மா இன்னும் வரலையே, மாமா. ஒண்ணும் தெரியல."

"தெரியலையா? அப்ப அடுக்கு?"

சுண்டு தாழ்ப்பாளைத் திருகினாள். தையல்காரர் அவளைப் பார்த்தார். பின்னால் நீச்சல் கண்ணாடியோடு நின்ற அண்ணனைப் பார்த்தார். "ஓ" என்றார். பிறகு எதையோ மிதித்துவிட்டவர்போல மெல்ல மெல்லப் படியிறங்கினார்.

சுண்டு கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்துகொண்டாள். 

"அப்பா, தப்புப் பண்ணிட்டோம்."

"உப்புப் போட்டோமே!"

"அது இல்லப்பா. அம்மா படியேறி வரும்போதே வாசனை வரும். வந்தா என்ன நெனப்பா? நாம எல்லாரும் அவ தோத்துடுவான்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டோம்னு நெனப்பா. ஒருவேளை பாஸ் ஆயிருந்தா?"

அப்பா ஓவனைப் பார்த்தார். பிறகு குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் பார்த்தார். அந்தத் தாளில் பன்னிரண்டு படிகள் இருந்தன. அம்மா ஜெயித்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு படிகூட இல்லை.

"நான் அப்படி நெனக்கல" என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

"நானும்தான்" என்றான் அண்ணன், தரையைப் பார்த்து.

சுண்டு அப்படிச் சொல்ல முடியாது. யோசனையே அவளுடையதுதானே. 

அப்பா உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். கூட்டம் நின்றபடியே நடந்தது.

"எல்லா ஜன்னலையும் திறங்க!"

திறந்தார்கள். வாசனை தெருவுக்கும் போனது. பிறகு அண்ணன் குளியலறையிலிருந்து எலுமிச்சை மண ஸ்ப்ரேயைக் கொண்டுவந்து வீடு முழுக்க அடித்தான்.

"இப்ப எப்படி இருக்கு?"

சுண்டு முகர்ந்து பார்த்தாள். "எலுமிச்சைத் தோட்டத்துல மாடு செத்துப்போன மாதிரி இருக்கு."

"அப்ப பாத்திரத்தையே ஒளிச்சிடுவோம்!" என்றார் அப்பா. ஓவனை அணைத்து, கைகளில் துணியைச் சுற்றிக்கொண்டு பாத்திரத்தை எடுத்தார். எடுத்த பிறகுதான் எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது.

"அம்மாவோட அலமாரியில?" என்றான் அண்ணன்.

"டேய், சீருடை பூரா கறி வாசனை அடிக்கும்! சீக்கிரம் சொல்லுடா, கை சுடுது!"

கடைசியில் நான்கு துண்டுகளால் போர்த்தப்பட்டு, அந்த அடுக்கு, துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் போனது. அண்ணன் மூடியைச் சாத்தினான்.

"யாரும் பட்டனைத் தொடாதீங்க" என்றார் அப்பா. அன்று அவர் சொன்னதிலேயே உருப்படியான வார்த்தை அதுதான்.

மூன்று பேரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மணி ஐந்து முப்பத்தைந்து. கீழே தெருவில் ஒரு கதவு சாத்தப்பட்டால் மூன்று தலைகளும் திரும்பின.

சுண்டு மனசுக்குள் அம்மாவைப் படியேற்றிப் பார்த்தாள். ஜெயித்து வரும் அம்மா, இரண்டாம் மாடியில் நின்று முகர்கிறாள். முகம் மாறுகிறது. உள்ளே வருகிறாள். சாப்பாடு எங்கேயும் இல்லை. மூன்று பேரும் திருடர்கள்போல உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்து, தோற்று வரும் அம்மா. முகர்கிறாள். உள்ளே வருகிறாள். ஒன்றும் கேட்காமல் சமையலறைக்குப் போகிறாள். சீருடையோடு கிழங்கு சீவுகிறாள். அதே முதுகு.

சுண்டு எழுந்தாள்.

"ஒளிச்சு வைக்க வேண்டாம்பா. வெளிய எடுங்க."

"எடுத்துட்டு என்ன சொல்றது?"

"நெசத்தச் சொல்லலாம்."

"நெசம்னா? நீ தோத்துடுவேன்னு நெனச்சோம்னா?" என்றான் அண்ணன்.

"அண்ணா, இப்ப உனக்கு எப்படி இருக்கு? பொய் சொல்லாம சொல்லு."

அண்ணன் நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

"அப்பா, உங்களுக்கு?"

"திட்டத் தலைவர்ங்கற முறையில..."

"அப்பா."

"கால் நடுங்குது" என்றார் அப்பா சின்னக் குரலில்.

"எனக்குக் காலையிலேர்ந்து இப்படித்தான் இருக்கு. அப்ப அடுக்கு யாருக்கு வேணும்?"

அப்பா அவளையே பார்த்தார். பிறகு எழுந்து இயந்திரத்தின் மூடியைத் திறந்தார். அண்ணன் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தான். சுண்டு மேசையில் நான்கு தட்டுகளை வைத்தாள். பாத்திரம் மேசைக்கு வந்த அதே நேரத்தில், படியில் காலடி கேட்டது. கால் மணி நேரம் முன்னதாகவே.

காலடி இரண்டாம் மாடியில் நின்றது. சுண்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு மறுபடியும் ஏறியது.

கதவு திறந்தது. அம்மா நின்றாள். முகம், சாத்திய கடை மாதிரி இருந்தது. உள்ளே விளக்கு எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவள் ஸ்ப்ரேயை முகர்ந்தாள். கறியை முகர்ந்தாள். மேசையைப் பார்த்தாள்.

"யாருக்கு?" என்றாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். அண்ணன் அவர் காலை மிதித்தான்.

"எங்களுக்கும்மா" என்றாள் சுண்டு.  "மொதல்ல உனக்குன்னுதான் செஞ்சோம். அது தப்பு. அப்புறம் பாத்தா, பயந்து செத்துக்கிட்டிருந்தது நாங்கதான். அதனால இது எங்களுக்கு. நீ பாஸானாலும் சரி, ஃபெயிலானாலும் சரி, எங்களுக்கு இது வேணும்."

அம்மா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நெற்றியில் நீச்சல் கண்ணாடியோடு ஒருவன். கண் சிவந்து ஒருவர். கையில் கரண்டியோடு ஒருத்தி. காலணியைக்கூடக் கழற்றாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பாஸ்" என்றாள், மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல.

அண்ணன் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுத் தையல் இயந்திரம் நின்றுபோனது. அப்பா, "இந்த மகத்தான நேரத்தில் நான் இரண்டு வார்த்தை..." என்று எழுந்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

சுண்டு மட்டும் அம்மாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தன.

"பாஸாயிட்டே இல்ல? அப்புறம் ஏன்மா மூஞ்சி இப்படி இருக்கு?"

அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "திங்கக்கிழமை காலையில அம்பது பேர் ஏறுவாங்க, சுண்டு. அத்தன பேரும் எனக்குப் பின்னால உக்காந்திருப்பாங்க. ரோட்டுல கம்பமா நிக்கும்? மனுஷங்க நிப்பாங்க."

"பயமா இருக்கா?"

"இருக்கு. படியேறும்போது வாசனை வந்துது. யாருக்கு என்ன கஷ்டமோன்னு பயந்துட்டே நின்னேன். அப்புறம், யாருக்கா இருந்தாலும் எனக்கும் ஒரு துண்டு கேட்டு வாங்கிடணும்னு நெனச்சுட்டே வந்தேன்."

சுண்டு கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்தில் இறக்கினாள். ஓரத்தில், சீஸ் அதிகமாக இருந்த பக்கமாகப் பார்த்து, பெரிய துண்டாக வெட்டி அம்மாவின் தட்டில் வைத்தாள்.

"அப்ப இது நம்ம நாலு பேருக்கும்."

அம்மா ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். மூன்று பேரும் அந்த வாயையே பார்த்தார்கள். அம்மா மென்றாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னும் மென்றாள். நெடுநேரம் மென்றாள்.

கிழங்கு வேகவில்லை.