கழித்துப் போட்ட கல்

அஸ்மூனைச் சந்தைக்குக் கூட்டிப்போக அப்பா புதுக் கயிறு கட்டிவிட்டார். நாளைக்கு விடிந்தால் விற்றுவிடுவார்கள். பாவம், அஸ்மூனுக்கு இது எதுவுமே தெரியாது. அது பாட்டுக்குக் காதை ஆட்டிக்கொண்டு, அம்மா காயப்போட்ட போர்வையின் ஓரத்தை மென்றுகொண்டிருந்தது.

பாலைவனத்துக் கழுதைகளிலேயே மகா சோம்பேறி அஸ்மூன்தான். ஆனால் பத்து வயது இஸ்ஸாவுக்கு அதன்மேல் உயிர்.

"அப்பா, இத விக்காம இருக்கவே முடியாதா?"

அப்பா ஹமாத் தலைப்பாகையை அவிழ்த்து உதறினார். "மழை இல்ல, புல்லும் இல்ல. ஆடுங்களுக்குத் தீனி வாங்கணுமே, கண்ணு. ஒரே ஒரு நிஜக் கல்லு கிடைச்சா போதும். நாமளும்தான் பன்னண்டு நாளா தேடுறோம்."

கல் என்றால் ஏதோ கல் இல்லை. வானத்திலிருந்து விழுந்த கல்!

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஆடுகளைத் திருப்பி ஓட்டிவரும் நேரத்தில், வானத்தில் ஒரு தீப்பந்து பறந்து வந்தது. டமார், டமார், டமார் என்று மூன்று முறை வெடித்தது. ஆடுகள் திசைக்கொன்றாகச் சிதறி ஓடின. அஸ்மூன் மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அதைத் தைரியம் என்றாள் இஸ்ஸா. சோம்பேறித்தனம் என்றான் பெரியப்பா மகன் மோஹா.

அன்றிலிருந்து கூடாரத்தில் யாருக்கும் வேறு பேச்சே இல்லை. கல்வெளியில் நடந்து நடந்து கால் தேய்ந்ததுதான் மிச்சம். கறுப்பாகவோ வித்தியாசமாகவோ தெரிந்த கல்லை எல்லாம் மூட்டையில் அள்ளி வருவார்கள். வந்ததும் காந்தக் கோலை எடுப்பார்கள். பழைய ஒலிபெருக்கிக்குள் இருந்த காந்தத்தைக் கழற்றித் தடியின் நுனியில் கட்டியிருந்தார் அப்பா. அந்தக் கோலால் ஒரு தட்டு. டக்கென்று ஒட்டினால் பத்திரமாகத் துணிப்பையில். ஒட்டாவிட்டால் கூடாரத்துக்குப் பின்னால் இருக்கும் கழிசல் குவியலில்.

அந்தக் குவியலுக்கு ஒரு வழக்கம் உண்டு. அதில் போட்ட கல்லை யாரும் மறுபடி தொடமாட்டார்கள். தொட்டால் அன்றைய அதிர்ஷ்டம் அவ்வளவுதான் என்பார்கள். மோஹாவுக்குப் பதின்மூன்று வயது. கல்லைக் குனிந்துகூடப் பார்க்காமல், காந்தத்தால் தட்டித் தட்டி எறிவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

அன்று காலை, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு ஜீப் வந்து நின்றது. பல்கலைக்கழகத்தில் கல்லை ஆராய்ச்சி செய்கிற லல்லா கென்ஸா வந்திருந்தார்! 'லல்லா' என்பது, 'அம்மா' என்பது போல, பெண்களை மரியாதையாக அழைக்கும் வார்த்தை. இஸ்ஸாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அஸ்மூன் பிழைத்துவிடும்.

அப்பா துணிப்பையை அவிழ்த்து, ஒட்டிய கற்கள் ஏழையும் விரிப்பில் வரிசையாக வைத்தார். லல்லா கென்ஸா கழுத்தில் தொங்கிய சின்ன லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது நம்ம பூமிக் கல்லுதான். இரும்பு ஜாஸ்தி, அதான் ஒட்டுது. இதுவும் அப்படித்தான்... இதுவும்..."

ஏழும் போயிற்று. அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க ஹமாத் அண்ணே. காத்து கிளம்புறதுக்குள்ள நான் ஸாகோரா போய்ச் சேரணும்."

"டீ குடிக்காம எப்படிம்மா போவீங்க? மூணு கிளாஸ் ஆகட்டும், அப்புறம் கிளம்புங்க."

டீ என்றால் மூன்று கிளாஸ். மூன்றாவதைக் குடித்ததும் விருந்தாளி எழுந்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

திரைக்கு அந்தப் பக்கம் அம்மா பெரிய மரத்தட்டை எடுத்து வைத்தார். "எப்படியாவது அவங்கள சாப்பிட வச்சு அனுப்பணும். வா, கூஸ்கூஸ் உருட்டு."

இஸ்ஸா ரவையைப் பரப்பினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு கை தண்ணீர் தெளிக்க வேண்டும், உள்ளங்கையால் வட்டமாக உருட்ட வேண்டும், மேலே மாவு தூவ வேண்டும். அவள் அஸ்மூனையே நினைத்துக்கொண்டு தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாகவே தெளித்துவிட்டாள்.

"என்னடி இது? ஒண்ணு கடுகு மாதிரி இருக்கு, ஒண்ணு கொண்டைக்கடலை மாதிரி இருக்கு!"

திரைக்கு வெளியே மோஹா சிரித்தான். "கட்டி கூஸ்கூஸ் இஸ்ஸா! விருந்தாளிக்குப் பல்லு உடையப்போகுது!"

இஸ்ஸா அவனைத் திட்ட வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

தட்டில் சின்னதும் பெரியதுமாக உருண்டைகள். உருண்டைகளுக்கு இடையில் மாவு. இதைப் போலவே ஒன்றை எங்கேயோ பார்த்திருக்கிறாளே! எங்கே?

முந்தாநாள்! மோஹா எறிந்த கல் ஒன்று குவியலில் மோதி இரண்டாகப் பிளந்தது. அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். பிளந்த இடத்தில் இதே மாதிரி குட்டிக் குட்டி உருண்டைகள்! ஆடு கத்தியதும் அவள் ஓடிவிட்டாள், அத்தோடு அதை மறந்தும்விட்டாள்.

வெளியே டீ ஊற்றும் சத்தம் கேட்டது.

"ரெண்டாவது கிளாஸ்தான், இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடவா?" என்று அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

இஸ்ஸா துள்ளி எழுந்தாள்.

"ஏய், கையக் கழுவிட்டுப் போடி!"

கழுவ நேரமேது! மாவுக் கையோடு குவியலை நோக்கிப் பறந்தாள். மோஹா பின்னாலேயே ஓடிவந்தான்.

"அதத் தொடாதே! அதிர்ஷ்டம் போயிடும்!"

"இருந்தாத்தானே போறதுக்கு? நாளைக்கு என் கழுதையே போகப்போகுது!"

குவியல் அவள் இடுப்பு உயரம் இருந்தது. கறுப்புக் கல், பழுப்புக் கல், எரிந்த மாதிரிக் கல், எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாரி வாரி எறிந்தாள். இது இல்லை. இதுவும் இல்லை. விரல் கீறி எரிந்தது. கூடாரத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "மூணாவது கிளாஸ் எடுத்துக்கோங்க."

"ஊத்தாதீங்கப்பா! மூணாவது கிளாஸ் ஊத்தாதீங்க!" என்று கத்தினாள் இஸ்ஸா. விருந்தாளி முன்னால் அப்படிக் கத்தின பெண் அந்தக் கல்வெளியில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அப்போது கிடைத்தது ஒரு பாதி! பக்கத்திலேயே இன்னொரு பாதி. பிளந்த முகமெல்லாம் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடி உருண்டைகள். ஒரு மூலையில் மட்டும், கட்டைவிரல் நகம் அளவுக்கு, அடிப்பிடித்த பாத்திரம் போலக் கறுப்பு.

மோஹா எட்டிப் பார்த்தான். "இதுவா? இது ஒட்டவே இல்ல. நான்தானே தட்டிப் பார்த்தேன்!"

அவள் இரண்டு பாதியையும் அள்ளிக்கொண்டு ஓடினாள்.

லல்லா கென்ஸா கிளாஸை வாய்க்குக் கொண்டுபோயிருந்தார். இஸ்ஸா மூச்சிரைக்க இரண்டு பாதியையும் விரிப்பில் வைத்தாள். "பாருங்க லல்லா! உள்ள கூஸ்கூஸ் இருக்கு!"

அப்பாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சின்னப் பொண்ணு, ஏதோ..." என்றபடி, பழக்க தோஷத்தில் காந்தக் கோலை எடுத்துக் கல்லை நோக்கி நீட்டினார்.

"ஐயோ, காந்தம் வேணாம்!" லல்லா கென்ஸா போட்ட சத்தத்தில் கிளாஸிலிருந்த டீ முழுக்க அவர் மடியில் கொட்டியது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. அப்பா பயந்துபோய்க் கோலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

லல்லா கென்ஸா குப்புறப் படுத்தேவிட்டார்! லென்ஸைக் கல்லோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முதலில் ஒரு பாதியையும் அப்புறம் இன்னொரு பாதியையும் பார்த்தார்.

கடைசியில் அவர் தலையைத் தூக்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"வானத்துக் கல்லேதான்! அதுவும் ரொம்ப அபூர்வமான வகை!"

"ஆனா ஒட்டலையே, லல்லா?" என்றான் மோஹா.

"வழக்கமா இந்த மாதிரிக் கல்லுல இரும்புத் துணுக்கு மின்னும், காந்தம் பிடிக்கும். இதுலயும் இரும்பு இருக்கு. ஆனா தனியா இல்ல, மத்த தாதுக்களோட கலந்து போச்சு. அதான் காந்தத்துக்குப் பிடி கிடைக்கல. இந்தா, நீ பாரு."

இஸ்ஸா லென்ஸில் கண்ணை வைத்தாள். அடேயப்பா! சாம்பல் கல் என்று நினைத்தாளே, உள்ளே ஓர் உலகமே இருந்தது. முத்து முத்தாக உருண்டைகள், சில உருண்டைகளில் வெளிர்பச்சைப் பளபளப்பு.

"அந்தப் பச்சை ஆலிவின்ங்கிற தாது. பக்கத்துல பழுப்பாத் தெரியறது பைராக்ஸீன். சூரியன் புதுசா இருந்தப்போ, அதச் சுத்தி வெறும் தூசிதான் இருந்தது. பூமிகூடக் கிடையாது. அந்தத் தூசி திடீர்னு சூடாகி, உருகி, சொட்டுச் சொட்டா ஆகி, ஆறி உருண்டையாச்சு. அப்புறம் உருண்டையும் தூசியும் ஒண்ணா ஒட்டிக் கல்லாச்சு. நாலாயிரத்து ஐந்நூறு மில்லியன் வருஷத்துக்கு முந்தின கதை. இவ்வளவு நாளும் செவ்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு குட்டிக் கோள்ல கிடந்திருக்கும். அது ஏதோ ஒண்ணோட மோதி உடைஞ்சு, சுத்திச் சுத்தி, கடைசில இங்க வந்து விழுந்திருக்கு."

இஸ்ஸா யோசித்தாள். "கூஸ்கூஸ்னா நான் உருட்டுறேன். அந்தத் தூசிய யாரு லல்லா சூடு பண்ணாங்க?"

லல்லா கென்ஸா வாய்விட்டுச் சிரித்தார். "அதக் கண்டுபிடிக்கத்தான் நாங்க எல்லாரும் இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்கோம்! இந்த மாதிரிக் கல்லுக்குள்ள, அந்தக் காலத்துக் காந்தத் தடம் ஒண்ணு பதிஞ்சிருக்கும். நம்ம காந்தத்தக் கொண்டுபோய் வச்சா அது அழிஞ்சுடும். அதான் கத்தினேன்."

மோஹாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் ஒரு தட்டு தட்டிட்டேனே..."

"ஒரு பக்கம்தானே? மறுபக்கம் ஏதாவது மிச்சம் இருக்கும். சரி, பல்கலைக்கழகத்துக்கு இத நாங்க வாங்கிக்கிறோம். நல்ல விலை தருவோம். இது யாரோட கல்லு?"

கழிசல் குவியலில் இருந்து எடுத்த கல் யாருக்குச் சொந்தம்? அதற்கு வழக்கமே இல்லை. இதுவரை யாரும் எடுத்ததில்லையே!

அப்பா இஸ்ஸாவைப் பார்த்தார். 'என்னுடையது' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அஸ்மூன் எங்கேயும் போகாது. இஸ்ஸா மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"வெயில்ல சுமந்துக்கிட்டு வந்தது மோஹா அண்ணன்தான்" என்றாள்.

மோஹா நிமிர்ந்து பார்த்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"நான் சுமந்துக்கிட்டு வந்து தூக்கி எறிஞ்சேன். கல்லுக்குள்ள என்ன இருக்குன்னு இவதானே பார்த்தா!"

"அப்ப ஆளுக்குப் பாதி" என்றாள் இஸ்ஸா. "ரெண்டாத்தானே உடைஞ்சிருக்கு." அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "லல்லா, பாதிக் கல்லுக்கு ஒரு கழுதைய விக்காம இருக்கலாமா?"

லல்லா கென்ஸாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே அம்மாவின் போர்வையைப் பாதி தின்று முடித்திருந்த அஸ்மூனை அப்பா கைகாட்டினார். அப்பா சொன்ன கதையைக் கேட்டுவிட்டு லல்லா இஸ்ஸாவின் கன்னத்தைத் தட்டினார்.

"ஒரு கழுத என்ன, அதுக்குத் துணையா இன்னொண்ணே வாங்கலாம்."

அப்பா காலி கிளாஸில் மறுபடி டீ ஊற்றினார். அது நாலாவது கிளாஸ் என்று யாரும் எண்ணவில்லை. லல்லா கென்ஸா சாப்பாட்டுக்கும் இருந்தார். கொண்டைக்கடலை அளவு கூஸ்கூஸ் உருண்டை ஒன்றைத் தேடி எடுத்து, கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை, புதுக் கயிற்றோடு அஸ்மூன் சந்தைக்குப் போகத்தான் செய்தது. அதன் முதுகில் இஸ்ஸா உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது முதுகில் இரண்டு மூட்டைத் தீனி இருந்தது. அந்தப் பாரத்தைச் சுமக்க மாட்டேன் என்று அஸ்மூன் வழியில் ஏழு தடவை உட்கார்ந்துகொண்டது. ஏழு தடவையும் இஸ்ஸா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எழுந்திருக்கும்வரை சிரித்தபடி காத்திருந்தாள்.